மாலை போட்ட வெப்சைட்

தீர்த்தகிரி கெட்டவர் இல்லை. ஓசூரில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்துவிட்டு, கொஞ்சம் இழுத்து, "ஆனா..." என்பார்கள். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வருவதுதான் இந்தக் கதை.

பிறந்தது சாமல்பட்டி. ரயில் நிற்கும் ஊர் என்பதைத் தவிர அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி பெருமை கிடையாது. நின்ற ரயிலில் ஏறிப் போய்விடுவதுதான் அந்த ஊர்ப் பையன்களின் லட்சியம். தீர்த்தகிரியும் ஏறினார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்ந்து, பர்மனென்ட்டும் ஆனார். பர்மனென்ட் ஆனவனுக்குப் பெண் கிடைக்கத் தாமதம் ஆகாது. சாந்தம்மாவைக் கட்டி வைத்தார்கள். அவளும் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் பர்மனென்ட். ஒரே வீட்டில் இரண்டு பர்மனென்ட் என்றால் ஓசூரில் அது ஜமீன் மாதிரி. அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள்.

தீர்த்தகிரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காலையில் கேட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம் வரை சூப்பர்வைசருக்கு ஒரு "சரிங்க சார்", ஃபோர்மேனுக்கு ஒரு "சரிங்க சார்", பெங்களூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் சின்ன வயசு இன்ஜினீயருக்கு இரண்டு "சரிங்க சார்". இந்த ஜென்மத்தில் இன்னொருத்தனுக்குத் தலையாட்டாமல் பிழைக்க வேண்டும் என்ற வெறி அவருக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றேழாம் வருடம் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போனார். அங்கே டை கட்டிய ஒரு பையன், இனிமேல் உலகத்தில் வெப்சைட் இல்லாத கம்பெனியே இருக்காது என்று ஆணியடித்த மாதிரி சொன்னான். தீர்த்தகிரி ஊருக்குத் திரும்பி, கம்பெனி கொடுத்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னார். சாந்தம்மா கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பேசாமல் இருந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் 'தீர்த்தா வெப் டிசைன்ஸ்' உதயமானது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் ஒரு வெங்கடாசலபதி, சுழலும் நாற்காலி ஒன்று. நாற்காலி முதலாளிக்கு. மூக்கைத் துளைக்கும் பன் வாசனை இலவசம். வேலை தெரிந்த ஆள் ஒன்றே ஒன்று. பெயர் பவளம். சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெண். கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முதலாளிக்கு வெப்சைட் என்றால் என்ன என்று ஒரு மாதிரி தெரியும். பவளத்துக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதனால் மூன்று தரப்பும் சண்டையில்லாமல் இருந்தார்கள்.

தலையாட்டக் கூடாது என்று கம்பெனி ஆரம்பித்த மனுஷன் முதல் நாளிலிருந்தே தலையாட்ட ஆரம்பித்தார். தொழிற்சாலையிலாவது மூன்று பேர். இங்கே படியேறி வருகிறவன் எல்லாம் முதலாளி. "இதுல ஜாதகம் போட முடியுமாப்பா?" "ஆயிடும் சார்." "பாஸ்போர்ட் போட்டோ?" "ஆயிடும் சார்." "பொண்ணு மஞ்சத்தண்ணிக்குப் பத்திரிகை அடிக்கணும், அப்படியே அந்த இன்டர்நெட்டுலயும் விட்டுடுங்க." "ஆயிடும் சார்." கன்னடத்தில் கேட்டால் "ஆகுத்தெ". தெலுங்கில் கேட்டால் "அவுதுந்தி". எல்லையோர ஊர் என்பதால் ஒத்துக்கொள்வதற்கு அவர் மூன்று மொழி கற்றிருந்தார். மறுப்பதற்கு ஒரு மொழியிலும் பழகவில்லை.

வந்த வெப்சைட் வேலைகளும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன. போல்ட் நட்டு செய்யும் ஒருவர் தன் வெப்சைட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை விட வேண்டும் என்றார். கம்பெனிக்கே செவ்வாய் லீவு, இது மட்டும் திறந்து கிடந்தால் யார் பார்த்துக்கொள்வது என்பது அவர் கவலை. தீர்த்தகிரி "ஆயிடும்" என்றார். பவளம் திங்கட்கிழமைதோறும் சாயங்காலம் "செவ்வாய் விடுமுறை" என்று ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு, புதன்கிழமை காலையில் இறக்கிக்கொண்டிருந்தாள். முக்கால்வாசிப் பேர் வெப்சைட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்ததே கிடையாது. கலரில் பிரின்ட் எடுத்து, லாமினேட் செய்து, சட்டம் போட்டுக் கொடுத்தால் ஆபீஸ் சுவரில் மாட்டி, "இதான் நம்ம வெப்சைட்டு" என்று காட்டுவார்கள். அதற்கு வெள்ளிக்கிழமை பூவும் வைப்பார்கள்.

"சார், இது வெப் டிசைனே இல்ல சார்," என்பாள் பவளம்.

"கத்துக்கம்மா. கஸ்டமர்கிட்ட ஆகாதுன்னு சொல்லக் கூடாது. இதான் இந்தத் தொழில்ல மொதப் பாடம்," என்பார் தீர்த்தகிரி. இரண்டாம் பாடம் என்று அவர் எதையும் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்பது சித்திரையில் சாந்தம்மா கெடு வைத்தாள். அவளுடைய அண்ணன் சிப்காட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப் வைத்திருந்தார். அங்கே சூப்பர்வைசர் வேலை காலி.

"ஆடி பொறக்கறதுக்குள்ள நாலு பேரு மதிக்கற மாதிரி பார்ட்டி வரலன்னா, பேசாம எங்கண்ணன்கிட்ட போயி சேந்துக்க. மாடியில ஒக்காந்து பன் வாசன புடிச்சது போதும்," என்றாள்.

மச்சானிடம் வேலைக்குப் போவதை நினைத்தாலே தீர்த்தகிரிக்குப் பிடிக்கவில்லை. மச்சான் "யோவ் மாப்ள" என்று கூப்பிடுகிற விதமே ஒரு தினுசு. பட்டறையில் நாலு பேர் முன்னால் அவருக்கு "சரிங்க மச்சான்" சொல்லிக்கொண்டு ஆயுசு முழுக்க நிற்பதைவிட ரயிலேறி ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கும்பிட்ட சாமி கைவிடவில்லை. கிருஷ்ணகிரி போகும் ரோட்டில் மாம்பழக்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் ஒருநாள் மாடியேறி வந்தார். 'ஸ்ரீ திம்மப்பா ஃப்ரூட் ப்ராடக்ட்ஸ்' என்று பெயர். திம்மப்பன் அவருடைய அப்பா. காலமாகிப் பன்னிரண்டு வருஷம். கிருஷ்ணப்பனும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து தொழிலை நடத்தினார்கள். ஹாலந்து நாட்டிலிருந்து ஒரு கம்பெனி இவர்களுடைய கூழைச் சாம்பிள் பார்த்துவிட்டுப் பிடித்துப்போய், "உங்கள் வெப்சைட் முகவரியை அனுப்புங்கள், எங்கள் பங்குதாரர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்" என்று ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார்கள்.

"எங்களுக்கு வெப்சைட்டு வேணும். இது மட்டும் நல்லா அமைஞ்சா, கிருஷ்ணகிரியில இருக்கற அத்தன மாம்பழ ஃபேக்டரிக்காரனையும் நான் ஒங்ககிட்ட தள்ளிக்கினு வரேன்," என்றார் கிருஷ்ணப்பன்.

"ஆயிடும் சார்," என்றார் தீர்த்தகிரி. தன் சுழலும் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.

இந்தச் செய்தி அவரைவிடப் பவளத்துக்குத்தான் பெரிய செய்தி. அவளுடைய அம்மா சென்னம்மா அதே தொழிற்சாலையில் சீசன் வேலைக்கு வருகிறவள். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கம் மழையை நம்பிய வானம் பார்த்த பூமி. கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரக மாங்காய் பழுக்கும் மாதங்களில் அங்கிருந்து பெண்கள் கூட்டமாகக் கிளம்பி வந்து, தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் தங்கி, பழம் கழுவி, நறுக்கிக் கொடுப்பார்கள். ஒரு ஷிப்டுக்குப் பாதிப் பெண்கள்தான் வேண்டும். ஹாலந்து ஆர்டர் வந்தால் இரண்டாம் ஷிப்டு ஓடும், வந்தவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைக்கும். இல்லையென்றால் சென்னம்மா மாதிரி வயசானவர்களைத்தான் முதலில் கழித்துக்கட்டுவார்கள்.

பவளம் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். வாடகைக் கேமராவோடு தொழிற்சாலைக்குப் போய்ப் படம் எடுத்தாள். முதல் பக்கத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு பெங்களூரா பழம், பார்த்தாலே எச்சில் ஊறும்படி. அடுத்து பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், சீல் வைத்த டின்கள், சுத்தத்துக்கு வாங்கிய சான்றிதழ். அதற்கும் கீழே தலையில் தொப்பியும் கையில் உறையும் போட்டு வரிசையாக நின்று பழம் நறுக்கும் பெண்கள். சென்னம்மா ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

தீர்த்தகிரி பார்த்தார். மனம்விட்டுப் பாராட்டினார். "ஏம்மா, பெங்களூர்க்காரன்லாம் பிச்ச வாங்கணும்," என்றார். அவர் வாயிலிருந்து வந்த அபூர்வமான உண்மைகளில் அது ஒன்று.

மறுநாள் அண்ணன் தம்பி மூவரும் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பழத்தைப் பார்த்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள். பக்கத்தைக் கடைசி வரை இறக்கிவிட்டு, மறுபடி மேலே ஏற்றச் சொன்னார்கள்.

"அப்பா எங்க?" என்றார் கிருஷ்ணப்பன்.

"சார்?"

"எங்கப்பா. அவுரு பேர்லதான கம்பெனி கீது? அவுரு இல்லாம மாம்பழம் எங்கேர்ந்து வந்துச்சி?"

"அண்ணன் சொல்றது சரி. அப்பா மொதல்ல வரணும்," என்றார் நடுத்தம்பி. அண்ணன் சொல்வது சரி என்று அவர் சொன்னது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று சின்னவர் பிற்பாடு சொன்னார்.

சொன்ன கையோடு காரிலிருந்து அப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டூடியோவில் கைவண்ணம் தீட்டிய பெரிய படம். வெள்ளைத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, நெற்றியில் நாமம். சந்தன மாலை போட்டு, கீழே குத்துவிளக்கு வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு. அந்தப் படம் மாலையோடும் விளக்கோடும் அப்படியே முதல் பக்கம் முழுக்க வர வேண்டும். விளக்கு அசைய வேண்டும். பல்பு விட்டுவிட்டு எரிய வேண்டும். அப்பாவுக்குக் கீழே மகன்கள் மூவரும். மூன்று படமும் ஒரே அளவு. அளவு சரிதானா என்று சின்னவர் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் கம்ப்யூட்டர் திரையிலேயே அளந்து பார்த்தார்.

"இந்தப் பொம்பளைங்க எதுக்கு?" என்று கேட்டார் நடுவுள்ளவர், கடைசிப் படத்தைக் காட்டி.

"வேலை செய்யறவங்க சார். எவ்ளோ சுத்தமா செய்யறாங்கன்னு வெளிநாட்டுக்காரங்க பாப்பாங்க," என்றாள் பவளம்.

"கூலிக்காரங்களப் பாக்கறதுக்கா ஹாலந்துக்காரன் கம்ப்யூட்டர் வாங்கி வெச்சிக்கீறான்? எடுத்துடும்மா."

"ஆயிடும் சார்," என்றார் தீர்த்தகிரி.

திறப்பு விழாவை அப்பாவின் திதியன்றே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வைகாசியில் வந்தது திதி. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'எங்கள் தெய்வம், நிறுவனர் திம்மப்பன், இறைவனடி சேர்ந்த நாள்' என்று போட்டு, இந்த வருஷத் திதி எந்தத் தேதியில் வருகிறதோ அந்தத் தேதியையும் போடச் சொன்னார்கள். காலமான வருஷத்துத் தேதியைப் போடலாமே என்றாள் பவளம். கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செத்த தேதிய யாரும்மா பாப்பாங்க? திதிதான் கணக்கு. எங்கப்பாவுக்கு வருசா வருசம் அதுதான் நாளு."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போன மனுஷன் இந்த வைகாசியில்தான் போனார் என்று பக்கத்தில் ஏறிவிட்டது. திதி பார்த்துப் படையல் போடுகிற அத்தனை பேருக்கும் அது சரியாகவே படும். ஹாலந்தில் திதி கிடையாது என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் உறைத்தது.

அவர்கள் கீழே பேக்கரியில் டீ குடிக்க இறங்கியதும் பவளம் பொரிந்து தள்ளினாள்.

"சார், இன்டர்நெட் லைன் ரொம்ப ஸ்லோ, படம் மேலேர்ந்து ஒவ்வொரு வரியாத்தான் எறங்கும். அங்க ஒக்காந்து பாக்கறவனுக்கு மொதல்ல மாலை தெரியும், அப்பறம் மீசை தெரியும், அப்பறம் செத்த தேதி தெரியும். மாம்பழம் வர்ற வரைக்கும் எவன் சார் காத்துக்கினு இருப்பான்? மொதலாளி போன வாரந்தான் போயிட்டாருன்னு நெனப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க சார். அப்பாவ ரெண்டாம் பக்கத்துல வெச்சிக்கலாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பாக்கலாம்மா," என்றார் தீர்த்தகிரி.

"எங்கம்மா கொட்டாயில வந்து குந்திக்கினு கீறாங்க சார்."

"தெரியும்மா. சொல்றேன்."

உண்மையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியிறங்கினார். அதை நான் நம்புகிறேன். சொல்வதற்குத் தோதாக வழியும் தானாகவே திறந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கிருஷ்ணப்பன் அவர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தீர்த்தகிரி, நாங்க மாங்கா மண்டிக்காரங்க. நீங்கதான் வெவரம் தெரிஞ்சவரு. மனசுல இருக்கறத சொல்லுங்க. அப்பா மொதல்ல வர்றது சரியா இருக்குமா, இல்ல அந்தப் பொண்ணு சொல்ற மாதிரி பழமே இருக்கட்டுமா? நீங்க எப்படி சொல்றீங்களோ அப்படியே செஞ்சிடுவோம்."

ஒரு மனுஷனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த தெய்வமும் கொடுக்காது. தீர்த்தகிரி வாயைத் திறந்தார். எதிரே கிருஷ்ணப்பனின் தங்க மோதிரமும் ஆசை வழியும் முகமும். மகன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். இதில் போய் வேண்டாம் என்று சொன்னால் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் பார்ட்டி போய்விடும். பார்ட்டி போனால் மச்சானின் பிரஸ் ஷாப். இவ்வளவும் அவருக்குள் ஓடி முடிவதற்குள் நாக்கு தன் பழக்கத்தில் வேலையை முடித்துவிட்டது.

"அப்பா மொதல்ல வர்றதுதான் சார் லட்சணம்," என்றார்.

கிருஷ்ணப்பனின் கண் கலங்கிவிட்டது. தீர்த்தகிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்து கேட்டேன், அவரே அப்பாதான் முதலில் என்று சொல்லிவிட்டார் என்று தொழிற்சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திதியன்று காலையில் தொழிற்சாலை மொட்டை மாடியில் ஐயரை வைத்துத் திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்தார்கள். மத்தியானம் அதே ஐயர் கீழே ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். பெங்களூர் நம்பருக்குப் போன் போட்டு இன்டர்நெட் லைன் பிடிக்க வேண்டும். லைன் பிடிக்கும் மோடம் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்ததும், அதுதான் மூலஸ்தானம் என்று நினைத்து ஐயர் அதற்கே கற்பூர ஆரத்தி காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையில் மாலை இறங்கியது, தலைப்பாகை இறங்கியது. மீசை வருவதற்குள் லைன் அறுந்தது. மறுபடி போன், மறுபடி கீச்சு, மறுபடி ஆரத்தி. ஒருவழியாக அப்பா முழுசாக வந்து விளக்கும் அசைந்தபோது நடுத்தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதார். மாம்பழத்தைப் பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

வெப்சைட் முகவரியை அனுப்பிப் பத்து நாளைக்குள் ஹாலந்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. கிருஷ்ணப்பன் ஆள் அனுப்பித் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார். போகிற வழியிலேயே தொழிற்சாலை மேனேஜர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். 'உங்கள் நிறுவனர் திம்மப்பன் அவர்களின் திடீர் மறைவுச் செய்தியை உங்கள் வெப்சைட்டில் பார்த்து மிகுந்த வருத்தமடைந்தோம். இந்தத் துக்க நேரத்தில் வியாபாரம் பேசி உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. இந்த வருடத்துக்கு வேறு நிறுவனத்திடம் ஏற்பாடு செய்துகொண்டோம். உங்கள் குடும்பத்துக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

செருப்படி விழும் என்று தயாராகத்தான் தீர்த்தகிரி உள்ளே போனார். உள்ளே இலை போட்டு ஒப்பட்டு என்கிற போளி வைத்திருந்தார்கள்.

"வாங்க வாங்க! பாத்தீங்களா?" என்று ஃபேக்ஸைக் காட்டினார் கிருஷ்ணப்பன். அதற்குள் லாமினேட் செய்தாகிவிட்டது. "அப்பா போனப்ப சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரங்களே துக்கத்துக்கு வரல. எந்த ஊர்க்காரனோ, மூஞ்சி தெரியாதவன், கடல் தாண்டி துக்கம் விசாரிச்சிக்கீறான். ஆழ்ந்த அனுதாபம்னு போட்டுக்கீறான் பாருங்க!"

"ஆர்டர் சார்..." என்று இழுத்தார் தீர்த்தகிரி.

"அது அடுத்த வருசம் வரும். மொத ஷிப்டுக்கு நமக்கு லோக்கல் ஆர்டரே போதும். அப்பாவுக்கு இப்படி ஒரு மரியாத மறுபடி வருமா?"

சொன்ன வாக்கையும் காப்பாற்றினார் மனுஷன். அந்த ஃபேக்ஸைப் பார்க்கக் கிருஷ்ணகிரி மாம்பழ வட்டாரமே திரண்டு வந்தது. கூழ் ஃபேக்டரி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலமான அப்பா இருந்தார். 'தீர்த்தா வெப் டிசைன்ஸ்' மாடிப்படியில் சட்டம் போட்ட படங்களோடு ஆட்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். சாந்தம்மா ஒருநாள் ஷிப்டு முடிந்து வரும்போது அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"செத்துப்போனவங்க ஒனக்குப் படியளக்கறாங்க," என்று சிரித்தாள். மச்சானிடம் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். அன்று தீர்த்தகிரி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

கிருஷ்ணப்பனின் மனைவிக்குத் தன் மாமியார் படத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த வேலையாகத் தீர்த்தகிரி தொழிற்சாலைக்குப் போனபோது, முதல் ஷிப்டில் இடம் கிடைக்காத கொட்டகைப் பெண்கள் கேட்டுக்குப் பக்கத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் சென்னம்மா. மகளுக்கு முதலாளி என்பதால் மரியாதையாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"சார், ஹாலந்து ஆர்டரு வருதுங்களா? ரெண்டாம் ஷிப்டு ஓடுமா? மேனேஜரு ஒண்ணும் வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. இல்லன்னா நாங்க கெளம்பிடறோம். காவேரிப்பட்டணம் பக்கம் நெல்லு வெளஞ்சி கீதாம், அறுப்புக்கு ஆளு கேக்கறாங்கோ."

அத்தனை முகமும் அவரையே பார்த்தது. ஒத்துக்கொண்டே பழகிய மனுஷன் என்ன சொல்லியிருப்பார்?

"வந்துரும்மா. அடுத்த வாரம் வந்துரும். இருங்க," என்றார்.

பெண்கள் காத்திருந்தார்கள். படித்த பெண்ணின் முதலாளி, ஹாலந்துக்கே லைன் போட்ட மனுஷர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்? அடுத்த வாரம் போயிற்று. அதற்கடுத்த வாரமும் போயிற்று. கொட்டகையில் சமைக்கக் கொண்டுவந்திருந்த கேழ்வரகு மாவு தீர்ந்தது. காவேரிப்பட்டணத்தில் வேறு ஆட்களை வைத்து அறுப்பை முடித்துவிட்டார்கள்.

பவளம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்தாள். படிக்கட்டில் அப்பா படங்களோடு நின்றவர்களைத் தாண்டி நேராக முதலாளியின் சுழலும் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆர்டர் வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா சார்?"

தீர்த்தகிரி மேஜையில் கிடந்த அப்பா படங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"தெரிஞ்சிக்கினே வரும்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. நான் சொன்னா எங்கம்மா நம்பல சார். 'நீ சின்னப்பொண்ணு, ஒனக்கு என்னா தெரியும், மொதலாளியே வரும்னாரு'ங்கறாங்க. நீங்களே போயி சொல்லுங்க. இல்லன்னா நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

பவளம் போய்விட்டால் அந்த அப்பாக்களை யார் ஏற்றுவது? தீர்த்தகிரி வண்டியை எடுத்தார். நல்ல மனசால் போனாரா, பயத்தால் போனாரா என்று கேட்டால் இரண்டும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

கொட்டகை வாசலில் பெண்கள் வெறும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆர்டர் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவர்கள் முகமே சொன்னது. அதைப் பார்த்ததும் அவர் நாக்கு மறுபடி பழைய பக்கம் சாயப் பார்த்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆகாதும்மா," என்றார். "ஆர்டர் வராது. ரெண்டாம் ஷிப்டு கெடையாது. நீங்க ஊருக்குப் போயிருங்க."

நாற்பது வயசுக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்த முதல் "ஆகாது". அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம், எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க வழியில்லாத ஜனம் நின்ற இடம். கிருஷ்ணப்பனிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒரு பார்ட்டி போயிருக்கும். இங்கே சொன்னதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. ஒருத்தி உள்ளே போய்ப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

சென்னம்மா மட்டும் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்ககிட்ட இவ்ளோ சுளுவா சொல்லிட்டீங்களே சார், அன்னைக்கி எங்க மொதலாளி வாயத் தெறந்து கேட்டப்ப மட்டும் அந்த 'ஆகாது' ஏன் சார் வரல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஊத்தங்கரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.